கேட் பாஸின் பூட்டு

கிடங்கு ஆபீசில் அவருக்குச் சாவியண்ணன் என்று பெயர். இடுப்பில் ஒரு சாவியும் கிடையாது. லாரி வெளியே போகக் கொடுக்கும் கேட் பாஸ் படிவத்தின் எழுத்திலும் கட்டத்திலும் யாரும் கை வைத்துவிடாதபடி கம்ப்யூட்டரில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் பாஸ்வேர்டு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

மூட்டை தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போனதால் மாடியில் நாற்காலி கிடைத்தவர். கீழே இருந்தவரை ஒருத்தரும் அவரை ஏனென்று கேட்டதில்லை. இங்கே கேட்டார்கள். படிவம் பழைய பிரிண்டரின் நீளத் தாளுக்குச் செய்தது. புது பிரிண்டருக்குத் தாள் குட்டை. அப்படியே அடித்தால் கையெழுத்துப் போடும் கடைசி வரி மட்டும் இரண்டாம் தாளில் அநாதையாகப் போய் விழும். அந்த வரி இல்லாத பாஸுக்கு வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டார். தாள் அளவை மாற்றலாம் என்றால் அதுவும் பூட்டுக்குள்ளேதான் கிடந்தது.

"அண்ணே, லாரி நிக்குது. கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்தக் குரல் வரும். அவர் அவசரப்படமாட்டார். கண்ணாடியைத் துடைப்பார், மாட்டுவார், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடிப்பார். அளவை மாற்றி, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, மாற்றியதைச் சேமிக்காமல் மூடிவிடுவார். ஒரே ஒரு தடவை சேமித்திருந்தால் தொல்லை அன்றைக்கே தீர்ந்திருக்கும். அப்புறம் அவரை யார் தேடி வருவார்கள்?

இப்படி மூன்று வருஷம் ஓடியது. அப்புறம் மச்சினன் வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்தானா? இவரே மேனேஜரிடம் தலையைச் சொறிந்து நின்று சேர்த்துவிட்டவன்தான். ஒன்றரை மாசம் ஆகவில்லை, மேனேஜர் அவனை முன்னால் விட்டுக்கொண்டு இவர் மேசைக்கு வந்தார்.

"படிவம் பூட்டினபடியே இருக்கட்டும். ஆனா தாள் அளவு, ஓரம், நேரா குறுக்கா, இதையெல்லாம் அவங்கவங்களே மாத்திக்கிற மாதிரி ஒரு பட்டன் வைக்கலாம்னு உங்க மச்சான் சொல்றாரு. திறந்து விடுங்க."

அவர் பாஸ்வேர்டை அடித்தார். மச்சினன் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த மரியாதைகூட அவருக்கு மிளகாயாய் எரிந்தது.

திரும்பியவன் திரையைப் பார்த்தான். "இன்னும் நீளத் தாள்லயே சேவ் ஆகியிருக்கே, அத்தான்?"

"ஏன் அப்படி?" என்றார் மேனேஜர்.

சாவியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மச்சினன் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "பழைய மிஷின் ரிப்பேராகி திரும்பி வந்தாலும் வரும்னு வச்சிருந்திருப்பாரு, சார்."

மேனேஜர் தலையாட்டினார். சாயங்காலமே பட்டன் தயார். எல்லாரையும் கூட்டி வைத்து மச்சினன் விளக்கினான். சாவியண்ணன் காதில் ஒன்றும் ஏறவில்லை. மேனேஜர் அவன் தோளை எத்தனை தடவை தட்டுகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து. இவர் தோள் மூட்டையைத்தான் கண்டிருக்கிறது.

வீட்டுக்குப் போனால் மனைவி வாயிலும் அதே பேச்சு.

"தம்பி ஏதோ பட்டன் வச்சானாமே? ஆபீஸே அசந்துபோச்சாம்."

"சட்டையிலகூடத்தான் பட்டன் இருக்கு. யாரு அசந்து போனா?"

"ஏங்க, நீங்கதானே அவனைச் சேத்துவிட்டீங்க? பெருமையா இருக்க வேண்டாமா?"

அவர் பாயை உதறிய உதறலில் தலையணை கதவுவரை போனது.

அதற்கப்புறம் மூன்று நாள் ஒருத்தரும் அவர் மேசைப்பக்கம் வரவில்லை. டைப்பிஸ்ட் அம்மா தானே அடித்துக்கொண்டார். வாட்ச்மேன்கூட மாடி ஏறி வந்து, பட்டனை ஒரு தடவை அழுத்திப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். நாலாம் நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் சாவியண்ணன் தன் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டனை அழுத்தினார். நீளத் தாள். குறுக்காக. போதாதென்று ஓரத்தையும் நாலு விரல் அகலத்துக்கு இழுத்து, எல்லாரும் திறக்கும் அந்தப் படிவத்திலேயே சேமித்துவிட்டார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கீழே லாரி ஹாரன் அடித்தது. டைப்பிஸ்ட் அம்மா பிரிண்ட் கொடுத்தார்.

"அட, என்னது இது, குறுக்கால வருது?"

சாவியண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்தம்மா பட்டனை அழுத்தி, இரண்டு இடத்தில் தட்டினார். பாஸ் நேராக வந்து விழுந்தது. எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

"கடைசியா யாரு மாத்தினதுன்னு இதுலயே காட்டும்னு உங்க மச்சான் சொன்னாரே," என்று அந்தம்மா திரைக்குக் கிட்டே குனிந்தார். "அண்ணே! உங்க பேருதான் இருக்கு. நீங்களா?"

மொத்த ஆபீசும் திரும்பியது. கூட்டத்தில் காது கொடுக்காமல் தோள்தட்டலை எண்ணியது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மூலையிலிருந்து மச்சினன் குரல் வந்தது. "நான்தான் மேடம் சொன்னேன். வேணும்னே தப்பா மாத்தி வையுங்க அத்தான், யாராவது தானா சரி பண்றாங்களான்னு பாப்போம்னு. பாஸாயிட்டீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தம்மா அவனைப் பார்த்து, "பொல்லாத ஆளுப்பா நீ!" என்றார். மேனேஜர்கூடக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் அவன் தோளைத் தட்டினார்.

ஆறு.

சாவியண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பாவிப் பயல், பொய் சொல்வதில்கூட நம்மைவிடக் கெட்டிக்காரனாக இருக்கிறானே.