துகிமினின் முன் சக்கரம்

துகிமின் மறுபடியும் அதே சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றபோது, சுகர்திக்கு எழுந்திருக்கவே தெம்பில்லை.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. மார்க்கெட் திருப்பத்துல ரெண்டு அம்மாங்கள ஏத்திக்கிட்டுத் திரும்பினேன். கோணிக்கிச்சு."

"விழுந்தாங்களா?"

"விழல. திட்டுனாங்க. அதுல ஒருத்தி இன்னும் திட்டிக்கிட்டுதான் இருப்பா." துகிமின் தலையைச் சொறிந்தான். "வேற பட்டறையில குடுய்யான்னு வீட்டுல சொல்றா. இதுதாண்ணே கடைசி."

சோலோ நகரத்து மூன்று சக்கர ரிக்‌ஷாவில் சவாரிக்காரர்கள் முன்னால்தான் உட்காருவார்கள். சைக்கிள் போல அது திருப்பத்தில் சாயாது. அத்தனை பாரமும் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து இழுக்கும். சக்கரக் கம்பிகளில் ஒன்றிரண்டு தளர்ந்திருந்தாலும் போச்சு. கோட்டம் எடுப்பது கண்ணின் வேலை, இறுக்கம் பார்ப்பது காதின் வேலை. எல்லாக் கம்பியும் ஒரே சுருதியில் ஒலிக்கும்வரை சுண்டிச் சுண்டிப் பார்த்துத்தான் சுகர்தி பெயர் வாங்கினார். இப்போது கொஞ்ச நாளாக, அவர் கட்டிய சக்கரமெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அத்தனை கம்பிகளையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். முதுகு கெஞ்சியது. சுற்றிவிட்டால் சக்கரம் மயிரிழை கூட ஆடவில்லை. சுண்டினார். எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. இதற்குமேல் என்ன செய்வது என்று அலுப்பாக இருந்தது.

"வால்வு ஓட்டைக்குப் பக்கத்துக் கம்பி செத்துக் கெடக்கு." வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ருஸ்மினி நிமிராமலே சொன்னாள்.

சுகர்தி அதைச் சுண்டினார். பக்கத்துக் கம்பியையும் சுண்டினார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தங்கையின் பிரசவத்துக்கென்று கிளாத்தென் ஊருக்குப் போனவள் நேற்றுதான் திரும்பியிருந்தாள். சக்கரங்கள் திரும்பி வர ஆரம்பித்ததே அவள் போன பிறகுதான்.

"சாயங்காலம் நான் குளிக்கப் போறப்ப பட்டறையில என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"பெருக்குவேன்."

"ருஸ்மினி."

வெங்காயம் நறுக்கிய கத்தி நின்றது. "கம்பி முடுக்குற சாவிய எடுத்து, நீங்க கட்டுன சக்கரத்த ஒரு சுத்து சுண்டிப் பாத்து முடுக்கி வெப்பேன். போன நோன்புலேருந்து."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மறுநாள் கடையத் தொறந்திருப்பீங்களா?"

துகிமின் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சுகர்திக்கு அவமானமாக இருந்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தார், அதற்கும் தெம்பில்லை. முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு."

"வெங்காயம் கெடக்கு."

"கெடக்கட்டும்."

கையை இடுப்பில் கட்டியிருந்த சாரோங் கைலியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவர் சாவியைத் திருப்ப, அவள் சுண்டினாள்.

"இன்னும்... இன்னுங் கொஞ்சம்... போதும்."

பழக்கம் விடவில்லை, அவரும் ஒருமுறை சுண்டிப் பார்த்தார். முன்பு கேட்ட மாதிரியேதான் கேட்டது.

"போதும்னா போதும்" என்று சாவியை அடுத்த கம்பியில் மாட்டினார்.