சிமினியைக் காத்த மொட்டைக் கடுதாசி

மூன்றாவது மொட்டைக் கடுதாசியும் வந்து சேர்ந்தது.

உமா மகேஸ்வரி கவரைக் கிழிப்பதற்குள் கேஸ் கட்டிங் சிலிண்டர்கள் லாரியிலிருந்து இறங்க ஆரம்பித்திருந்தன. தீவின் கடலோரம், பாம்பூஃப்ளாட் மேட்டில் பன்னிரண்டு வருடமாக மூடிக் கிடந்த டீசல் பவர் ஹவுஸில் இப்போது மிச்சம் நின்றது, தொண்ணூறு அடி இரும்புச் சிமினி ஒன்றுதான். வியாழக்கிழமை அதையும் அறுத்துச் சாய்ப்பதாக ஏற்பாடு.

"என்ன மேடம், நம்ம சிநேகிதரா?" என்றார் கான்ட்ராக்டர் ஜெய்னுதீன். "அவர் உத்தரவில்லாம இங்க ஒரு செங்கல் விழாது போலிருக்கே! ஜனவரியில வந்தேன். நோன்பும் போச்சு, பெருநாளும் போச்சு. ஊர்ல பேத்தி நடக்கவே பழகிட்டா. நான் இங்க சிமினிக்குக் காவல்."

உமா சிரிக்கவில்லை. இந்த இடிப்பு வேலைக்கு அவள்தான் ஜே.ஈ., பொறுப்பு இன்ஜினியர். வேலை முடிந்தது என்று அவள் சான்று கொடுத்த பிறகுதான் அவளை ரிலீவ் செய்வார்கள். தூரத்துத் தீவில், கேம்ப்பெல் பேயில், ஏ.ஈ. நாற்காலி காத்திருந்தது. பதினெட்டு வருடம் கழித்து வந்த பிரமோஷன். மே முப்பத்தொன்றுக்குள் போய்ச் சேராவிட்டால் லிஸ்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

முதல் கடுதாசி ஜனவரியில். கூரை ஷீட் ஆஸ்பெஸ்டாஸ், உடைத்தால் தூள் ஆட்களின் நெஞ்சில் இறங்கும் என்றது. சோதித்தார்கள். உண்மை. முகமூடியும் மற்றதும் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர ஒரு மாதம். இரண்டாவது பிப்ரவரி கடைசியில். சிமினி உச்சியில் கடல் கழுகு கூடு, உள்ளே குஞ்சு. அதுவும் உண்மை. குஞ்சு பறந்து போகிறவரை ஒன்றரை மாதம் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதும் அதே ஆபீஸ் ஹிந்தி, அதே ஜெராக்ஸ் கடை பிரிண்ட். கையெழுத்து கிடையாது.

'சிமினி, பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டியை முழுசாக மறைக்கிற நொடியில் ஃபெர்ரி வலப்பக்கம் திரும்ப வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் அங்கே பாறை. சிமினி போய்விட்டால் மழையில் திருப்பம் தெரியாது.'

உமா இன்னொரு முறை படித்தாள். காது சூடாகியது.

பதினொரு வருடமாகத் தினம் இரண்டு வேளை அந்த ஃபெர்ரியில் வருகிறவள் அவள். கீழே டெக்கில் நிற்பவர்களுக்கு லாரி முதுகும் ஸ்கூட்டர் கண்ணாடியும்தான் தெரியும். சிமினி தொட்டியை மறைப்பது, மேலே கூண்டில் ஸ்டீயரிங் பிடித்து நிற்பவனுக்கு மட்டுமே தெரியும். அப்படி நிற்பவர்கள் மூன்று பேர். ஒருவர் ஆறு மாதமாக மெடிக்கல் லீவு. ஒருவர் போன வாரம்தான் வேலைக்கு வந்தவர். மூன்றாமவர், இன்று காலை அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தவர்.

அவள் புருஷன் குணா!

சாயங்காலம் அக்கரையில் சாத்தம் ஜெட்டியில் இறங்கியவள் டெலானிபூர் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பிப் போகும் அதே ஃபெர்ரியில் இரும்பு ஏணியைப் பிடித்து மேல் கூண்டுக்கு ஏறினாள்.

"அரே, மேடம்! பாசெஞ்சர் எல்லாம் இங்க வரக் கூடாது" என்றான் குணா, திரும்பாமலே.

காகிதத்தை அவன் மூக்குக்கு நேரே விரித்தாள். "இது யார் எழுதினதுங்க?"

குணா சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "இரு. முதல்ல அங்க பாரு."

பார்த்தாள். மேட்டில் சிமினி மெல்ல நகர்ந்தது. பின்னால் இருந்த தொட்டி பாதியாயிற்று. கால்வாசியாயிற்று. மறைந்தது. குணா சக்கரத்தை வலப்பக்கம் வளைத்தான். இடப்பக்கம், நுரைக்கு நடுவே, எருமை முதுகு மாதிரி ஒரு கறுப்புப் பாறை நழுவிப் போனது. உமா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இதன் ஓரமாகவா பதினொரு வருடம் வேர்க்கடலை தின்றுகொண்டு போயிருக்கிறோம்?

"பேர் போட்டு எழுதியிருக்கலாமில்ல?"

"போட்டா, பொண்டாட்டியைப் போக விடாம புருஷன் எழுதறான்னு ஊரே சிரிக்கும்."

"அதுக்குத்தானே எழுதினீங்க?"

குணா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான். "ஆமா."

"போ போன்னு சொல்லி பெட்டியெல்லாம் வாங்கிக் கொடுத்தீங்களே!"

"மனசாரத்தான் வாங்கினேன். ஆனா அந்தப் பெட்டியைப் பார்த்தா கால் தானா ஜெராக்ஸ் கடைக்குப் போகுது. நான் என்ன பண்ண?"

"ஒரு பொய்யாவது எழுதினீங்களா?"

"பொய் எழுதினா உன் ஃபைலுக்குத்தானே கெட்ட பேரு? ஒவ்வொண்ணும் தேடிப் பிடிச்சு எழுதின நிஜம். கழுகுக்காக பைனாகுலர் வாங்கியிருக்கேன், தெரியுமா?"

கோபப்படத்தான் ஏணி ஏறினாள். சிரிப்பு வந்து தொலைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

அந்தக் காகிதத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. கைப்பையில் போட்டு மூடிவிட்டால் வியாழக்கிழமை சிமினி விழும், பிரமோஷன் கையில். கண்ணை மூடினால் எருமை முதுகு தெரிந்தது.

மறுநாள் காலை அவளே வேலையை நிறுத்தினாள். சிமினி இடத்தில் மாற்று அடையாளம் நடும்வரை அறுக்கக் கூடாது என்று எழுதி நீட்டினாள்.

ஜெய்னுதீன் தலையில் கை வைத்தார். "யா அல்லா! இப்ப நீங்களுமா?"

"ஆமா பாய். ஆனா இதுல கையெழுத்து இருக்கு."

துறைமுகத்தார் வந்து பார்த்துத் தலையாட்டினார்கள். பவர் ஹவுஸின் பழைய பைப் ஒன்றையே நாற்பது அடிக்கு நிமிர்த்தி, சிவப்பு வெள்ளை அடித்து, சிமினிக்கு முன்னால் நடுவதென்று முடிவாயிற்று. அந்த அனுமதிக்கும் இந்தப் பெயிண்டுக்குமாக மே பதினெட்டு வந்துவிட்டது. மழையும் வந்துவிட்டது.

குழிக்குள் பைப்பை இறக்கி, கயிறு கட்டி ஆட்கள் பிடித்து நின்றார்கள். பைப்பும் சிமினியும் ஒரே கோட்டில் விழுகிறதா என்பதைக் கடலில் அந்தத் திருப்பத்திலிருந்துதான் பார்க்க முடியும். பாசெஞ்சர் இல்லாத ஃபெர்ரியில் குணா. மேட்டில் குடையோடு உமா. நடுவில் போன், ஸ்பீக்கரில்.

"ரெண்டடி இடப்பக்கம்."

"உங்க இடமா, என் இடமா?"

"உன் இடம்தாம்மா. தள்ளு. இன்னும். நில்லு."

பிறகு போனில் இன்ஜின் உறுமல் மட்டும்.

உமாவுக்குச் சட்டென்று புரிந்தது. 'சரியில்லை' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கும் அதையே சொன்னால், மே முடிந்துவிடும். பொய் என்று யாரும் நிரூபிக்கவும் முடியாது. குடையைத் தாழ்த்திப் போனைக் காதருகே கொண்டுபோனாள்.

"என்ன சொல்றார் மேடம்?" ஜெய்னுதீன் கிசுகிசுத்தார்.

"உமா."

"சொல்லுங்க."

"சரியா இருக்கு. கான்கிரீட்டை ஊத்தச் சொல்லு." ஜலதோஷம் பிடித்தவன் குரல் மாதிரி இருந்தது.

ஒரு வாரம் கழித்துச் சிமினி விழுந்தது. நடுத் தண்ணீரில் ஃபெர்ரி நின்று, யாரும் சொல்லாமலே ஒரு நீள ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சான்றில் அவள் கையெழுத்து போட்டதும் ஜெய்னுதீன் தொண்டையைச் செருமினார். "மேடம், நம்ம சிநேகிதர் யார்னு எனக்கு ரெண்டாவது கடுதாசியிலேயே தெரியும். உங்க வீட்டுக்காரர் பைனாகுலர் வாங்கினது எங்க ஜாபர் மச்சான் கடையில."

"ஏன் பாய் சொல்லல?"

"குடும்ப விஷயத்துல நாம எப்படி நுழையறது?"

அன்று சாயங்காலம் பெட்டி வாசலருகே தயாராக நின்றது. உமா, குணா முன்னால் ஒரு ஃபாரத்தையும் பேனாவையும் வைத்தாள். கேம்ப்பெல் பே படகுகளுக்கு ஸ்டீயரிங் ஆள் வேண்டுமாம்.

"நாலாவது மனு. இதுலயாவது பேரைப் போடுங்க."

அவன் பேரை எழுதினான். 'மாறுதல் கேட்கும் காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. "இங்க என்ன போட?"

"மூணு தடவை போட்டீங்களே, நிஜம். அதையே போடுங்க."

ரொம்ப நேரம் எழுதினான். வாங்கிப் பார்த்தாள். ஒரே வரி. 'என் மனைவி அங்கே இருப்பார்.'

"இவ்வளவுதானா?"

"அங்க ஆஸ்பெஸ்டாஸ் இருக்கான்னு இன்னும் பார்க்கலையே" என்றான் குணா.