மூன்றாவது விரல்

வெண்டல் ஸ்ட்ரூப்புக்குப் பயிற்சியாளர் மூளை இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள், அவருக்கு மட்டையடிக்க வராது என்பதைக் கண்டுபிடித்தவர்கள்தான். பதினோரு ஆண்டுகள், ஏழு ஊர்கள். மேஜர் லீகுக்குக் கீழே மைனர் லீக் என்று ஒன்று கிடக்கிறதே, எல்லாம் அதன் ஊர்கள். மட்டைக்காரனின் முதுகுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கும் கேட்சராகவே அவருடைய இளமை கழிந்தது. "உன்ன மாதிரி ஆட்டத்தப் புரிஞ்சுக்கிட்டவன் எவனும் இல்லப்பா" என்று ஒரு நாள் மேலாளர் தோளில் கை போட்டார். பேஸ்பாலில் இந்தப் பாராட்டைக் கேட்டவன் மறுநாள் பெட்டியைக் கட்ட வேண்டும், அல்லது பயிற்சியாளர் சட்டை போட வேண்டும். வெண்டல் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

அப்படி வந்து சேர்ந்த இடம் ஒஹாயோவில் எங்கள் மில்பரோ. அணியின் பெயர் ஊறுகாய்க்காரர்கள். சின்னம், ஆறடி உயர வெள்ளரிக்காய் வேஷத்துக்குள் வியர்த்து வழியும் ஒரு கல்லூரி மாணவன். பெரிய நகரத்தில் இருக்கும் தலைமை அணிக்கு நாங்கள் நாற்றங்கால். நன்றாக வளர்ந்த பயிரைப் பிடுங்கிப் போவார்கள். வளராததையும் பிடுங்குவார்கள், எறிவதற்கு.

கேட்சர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பந்து கைநழுவினால் நெஞ்சை இரண்டு முறை தட்ட வேண்டும். 'தப்பு என்னுடையது' என்று அர்த்தம். பந்தை வீசும் பிட்சர் அதைத் தரையில் குத்தியிருந்தாலும் தட்ட வேண்டியவன் கேட்சர்தான். பிட்சரின் மனம் கண்ணாடிப் பாத்திரமாம். கேட்சரின் மனம் எதனால் ஆனது என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை. வெண்டல் அந்தக் காலத்தில் ஆயிரம் முறை தட்டியிருப்பார். எங்கள் இப்போதைய கேட்சர் லேண்டன் யோடரும் அதே ஜாதி.

யோடருக்கு இருபத்தெட்டு வயது. தலைமை அணியின் கேட்சருக்கு முழங்கால் போய்விட்டதால் அடுத்த வாரம் யோடரை மேலே கூப்பிடுவார்கள் என்று பேச்சு. ஒன்பது வருடமாக வராத அழைப்பு. அவன் மனைவி அம்மாவீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

அதே வாரம் தலைமை அணியிலிருந்து பிராண்ட் ஆஷ்கிராஃப்ட் வந்திருந்தார். பதவி, 'வீரர் மலர்ச்சி இயக்குநர்'. எந்தப் பந்தும் எங்கேயும் அவர்மேல் பட்டதில்லை. வெண்டலை எல்லா அணிகளுக்குமான கேட்சிங் ஒருங்கிணைப்பாளராக உயர்த்தலாமா என்று பார்க்க வந்தவர்.

அன்று ஊறுகாய் விழா. மாலையில் தூறல். எந்தப் பந்து வீசுவது என்பதைத் தொப்பிக்குள் சொல்லும் கருவி நனைந்து ஊமையாகிவிட்டது. பழையபடி விரல்தான். ஒரு விரல் என்றால் வேகமான நேர்பந்து, இரண்டு என்றால் மெதுவான வளைபந்து. பிட்சருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் தளத்தில் எதிரணி ஆள் நின்றால் விரலைப் பார்த்து மட்டைக்காரனுக்குச் சொல்லிவிடுவான் என்பதால் கேட்சர் மூன்று நான்கு தடவை காட்டுவான். அதில் ஒன்றுதான் நிஜம். அன்று முதலில் காட்டுவதே நிஜம் என்று ஏற்பாடு. ஆறாவது இன்னிங்ஸில் எதிரணி அதைக் கண்டுபிடித்து இரண்டு ஓட்டம் எடுத்துவிட்டது.

இடைவேளையில் வெண்டல் பிட்சர் ஸ்டிக்னியின் காதில் சொன்னார்: "இனிமே முதல் விரல் பொய்யி. மூணாவதுதான் நெசம்."

அடுத்து யோடரிடம் சொல்லத் திரும்பினார். அவன் பெஞ்சில் குனிந்து கால் கவசத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். அதற்குள் அலுவலகப் பெண் ஓடிவந்தாள்.

"கோச், வெள்ளரி ரேஸுக்கு நீங்கதான் கொடி அசைக்கணும். டைரக்டர் பாத்துட்டிருக்காரு, சீக்கிரம்!"

வெண்டல் போய்க் கொடி அசைத்தார். டைரக்டர் கை தட்டினார். வெள்ளரி இரண்டாவதாக வந்தது. திரும்பி வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

இரண்டாம் தளத்தில் ஒருவன் வந்து நின்றதும் யோடர் விரல் காட்டினான். முதலில் இரண்டு, பிறகு நான்கு, பிறகு ஒன்று. அவன் வளைபந்துக்காகக் கையுறையைத் தாழ்த்தினான். மூன்றாவதைப் பார்த்த ஸ்டிக்னி முழு வேகத்தில் நேராக வீசினான். பந்து யோடரின் வெறும் வலக்கைக் கட்டைவிரலில் போய் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் எங்கள் பெஞ்சு வரை கேட்டது.

யோடர் தள்ளாடி எழுந்து ஓடிப் பந்தைப் பொறுக்கினான். அப்புறம் கையுறையால் நெஞ்சை இரண்டு முறை தட்டினான்.

"மூணாவதுன்னு கோச் சொன்னாரேடா!" என்றான் ஸ்டிக்னி, முகம் வெளுத்து.

"சொல்லியிருப்பாரு. நாலாவது இன்னிங்ஸ்ல மண்டைல ஒண்ணு வாங்கினேன்ல, மறந்துட்டேன் போல."

வெண்டல் வாயைத் திறந்தார். "ஐஸ் கொண்டாங்க" என்ற வார்த்தைதான் வந்தது.

மறுநாள் காலை மேலாளர் அறையில் மீட்டிங். திரையில் பிராண்ட் ஒரு ஸ்லைடு போட்டார்: 'யோடர் – கவனக் குறைவு'. கட்டைவிரலுக்குச் சிகிச்சை உண்டு, ஆனால் சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் கிடையாது என்றார். முறிந்த விரல் கூடிவிடுமாம். கவனமில்லாதவன் என்ற பெயர் போகாதாம்.

இரவெல்லாம் தூங்காத வெண்டல் எழுந்து நின்றார்.

"அவன் மேல தப்பில்ல. நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல. கொடி அசைக்கப் போயிட்டேன்."

பிராண்டின் கண்கள் கலங்கின. "பாருங்க, பாருங்க! இந்த மாதிரி ஆளத்தான் நான் தேடிட்டிருந்தேன்."

"சார், நெசமாவே சொல்லல."

"நெஞ்சத் தட்டுறீங்க, கோச். எனக்குப் புரியுது."

மேலாளர் புரூஸ்டர் சிரித்தார். "இவரு எப்பவும் இப்படித்தான் சார். மழை பெஞ்சாலும் மன்னிப்புக் கேப்பாரு."

"என் பொண்ணு மேல சத்தியம்யா!"

சத்தியம் செய்யச் செய்ய அவருடைய தகுதி உயர்ந்துகொண்டே போனது. பிராண்ட் அங்கேயே இன்னொரு ஸ்லைடு அடித்தார்: 'பொறுப்பேற்கும் பண்பு'. கீழே வெண்டலின் படம், கையில் கொடியோடு. பதவி உறுதியாயிற்று. புதிய பதவியின் முதல் வேலை, யோடரிடம் போய்ச் செய்தி சொல்வது.

யோடர் இடது கையால் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

"எனக்காகப் பேசுனீங்களாமே. மேனேஜர் சொன்னாரு. ரொம்ப தேங்க்ஸ், கோச்."

"லேண்டன், இங்க பாரு. நான் பேசினது பொய்யில்ல. உன்கிட்ட நான் சொல்லவே இல்லடா."

"விடுங்க கோச். நானும் பிட்சருங்களுக்கு இதைத்தானே செய்யறேன்."

"டேய், சத்தியமா சொல்லல!"

யோடர் அவரைப் பரிவோடு பார்த்தான். பெரியவர் ரொம்பத்தான் கஷ்டப்படுகிறார் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இல்ல கோச். ராத்திரி பூரா யோசிச்சேன். இப்ப நல்லாவே ஞாபகம் வருது. நான் கால் கவசம் கட்டிட்டிருந்தேன். நீங்க பக்கத்துல வந்து குனிஞ்சீங்க. 'மூணாவது விரல்'னு சொன்னீங்க. நான்தான் தலையாட்டிட்டு மறந்துட்டேன்."

மாவுக்கட்டுப் போட்ட கையால் நெஞ்சை இரண்டு முறை தட்டிக் காட்டினான்.