ஐந்து பத்துக்கு வந்த வலி

இஞ்சிச் சக்கையை எப்படியாவது குப்பையில் கொட்டிவிட வேண்டும் என்று அவள் சமையலறைக்கு வந்தது இது மூன்றாவது முறை. மூன்று முறையும் நாத்தனார் அங்கேயே நின்றிருந்தாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு டீ போடும் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டவள், அடுப்பை விட்டு இம்மியும் நகருவதாக இல்லை. கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சின்னக் கல் உரல் இருந்தது. அதன்மேல் ஒரு தட்டு கவிழ்த்திருந்தது. தட்டுக்கு அடியில், காலையில் மூன்று தடவை நசுக்கிப் பிழிந்த இஞ்சி.

"என்ன அண்ணி வேணும்? நான் எடுத்துத் தரேன். நீங்க போய் அண்ணன் பக்கத்துல உட்காருங்க."

"தண்ணி குடிக்கலாம்னு வந்தேன்."

நாத்தனார் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். தாகமே இல்லாமல் அவள் அதையும் குடித்து வைத்தாள். மதியத்திலிருந்து இப்படி மூன்று டம்ளர் ஆகிவிட்டது. வயிறு தளும்பியது.

கூடத்தில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வெளிர்நீல வேலைச் சட்டைகளை அவர் தூக்கிப் போடவில்லை. மகன் அதில் ஒன்றைத்தான் தேடி எடுத்துப் போட்டுவிட்டிருந்தான். இரண்டு பக்கமும் பட்டன் வைத்த பாக்கெட். இடது பாக்கெட் தட்டையாக இருந்தது. அதை அப்படி அவள் பார்த்ததே இல்லை. கையடக்க நோட்டு ஒன்றும் கட்டைப் பென்சில் ஒன்றும் எப்போதும் அதற்குள் புடைத்துக்கொண்டிருக்கும். எந்தக் கட்டடத்தில், எத்தனை மணிக்கு, என்ன கோளாறு, எப்போது சரியானது என்று எழுதி எழுதியே பழகிய மனுஷர். ஓய்வுக்குப் பிறகு வீட்டுக் குழாய் ஒழுகுவதையும் மின்விசிறி முனகுவதையும் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த நோட்டைத்தான் காணவில்லை. கட்டில் பக்கம், மேசை இழுப்பறை, தலையணைக்கு அடியில் என்று யாரும் பார்க்காதபோதெல்லாம் தேடிவிட்டாள். எழுதியிருப்பாரா? அவள் உரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் உட்கார்ந்து எழுதியிருப்பாரா?

விடிகாலையில் வலி வந்ததும் அவர் முதலில் பார்த்தது சுவர்க் கடிகாரத்தைத்தான்.

"நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு," என்றவர், பழக்கதோஷத்தில், "அஞ்சு பத்து," என்றும் சேர்த்துச் சொன்னார்.

"நேத்து சாப்பிட்டதுமே படுத்தீங்கல்ல, வாயுதான். இருங்க, இஞ்சி தட்டிட்டு வரேன்."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?"

"போனா நாலு டெஸ்ட் எழுதுவாங்க. ஒரு கால் மணி நேரம் பாருங்க."

"நீ சொன்னா சரி," என்றார் அவர். எப்போதும் அதைத்தான் சொல்வார்.

அவள் ஒன்றும் விவரம் இல்லாதவள் அல்ல. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிளார்க். அங்கே கோப்புகளுக்கு எழுதியது போலவே சமையலறை அலமாரியில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் முத்து முத்தாக எழுதி ஒட்டியிருந்தாள். மேல் தட்டில் சுக்கு, மஞ்சள், சீரகம், வெந்தயம், தேன். கீழ்த் தட்டில் கடையில் வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரை, கால்சியம், மெக்னீசியம். எதற்கு, எவ்வளவு, எந்த வேளை என்று எல்லாம் அந்தச் சீட்டிலேயே இருக்கும். மகனின் இருமல், நாத்தனாரின் முழங்கால், பக்கத்து வீடுகளின் தூக்கமின்மை எல்லாம் இந்த அலமாரிக்கு முன்னால் வந்து நின்றவைதான். குணமாகியும் இருக்கின்றன. அவருக்கு இதற்கு முன் இரண்டு தடவை நெஞ்சு அடைத்தபோதும் இஞ்சிச் சாற்றுக்கே வலி கேட்டது. கேட்டதே, அதுதான் வம்பு.

"நம்ம வீட்டுக்குள்ள நுழைய வியாதிக்கே பயம். வந்தா உன் கஷாயத்தைக் குடிச்சாகணுமே," என்று கிண்டல் செய்வார். செய்துகொண்டே குடித்தும் விடுவார். தெருவில் அவளுக்கு 'வைத்தியம்மா' என்று பெயர். வெளியே அலுத்துக்கொள்வாளே தவிர உள்ளூர அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

இரண்டாவது தடவை சாறு கொடுத்ததும் அவருக்கு ஒரு ஏப்பம் வந்தது. "பாத்தீங்களா!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறே முக்காலுக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியபோதுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். எட்டு மணிக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். "ஆறரை," என்று அவள் வாய் சொல்லியது. ஒன்பது மணிக்கு ஓடி வந்த மகனும் அதையே கேட்டான். அவன் கையில் அப்பாவின் சாமான்களைப் போட்டுக் கொடுத்த பை இருந்தது. "ஆறரை," என்றாள் மறுபடியும். அவன் அவளையே பார்த்தான். பிறகு, "சரி," என்றான். அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசியதெல்லாம் நாற்காலி எத்தனை, வண்டி எத்தனை மணிக்கு என்பதுதான்.

அவர் அடிக்கடி ஒன்று சொல்வார். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் பத்து நிமிஷத்தை ஒரு மணி நேரம்னுவான். போன் பண்ண மறந்த வாட்ச்மேன் ஒரு மணி நேரத்தைப் பத்து நிமிஷம்னுவான். நேரத்தை மாத்திச் சொன்னா நான் கோளாறைத் தப்பான இடத்துல தேடுவேன்." வாட்ச்மேன் போலவே முகத்தை வைத்துக்கொண்டு நடித்தும் காட்டுவார். அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு மயானத்துக்கு வண்டி வரும். அதற்குள் சக்கையையாவது ஒழித்துவிடலாம் என்று நான்காவது முறையாக எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் பின்னாலேயே மாடி வீட்டுத் தையற்காரரின் மனைவி வந்தாள். கணவரும் அந்தத் தையற்காரரும் இருபது வருஷமாகச் சாயங்காலம் தவறாமல் சேர்ந்து நடக்கப் போய்வந்தவர்கள். காலையிலிருந்து தெருவுக்கும் வீட்டுக்குமாக நாற்காலி சுமந்தது அவர்தான்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. அந்தச் சுக்குத் தூள் ஒரு ஸ்பூன் வேணும். அவருக்கு நெஞ்சை அடைக்குதாம். நாற்காலி தூக்கினதுல வாயு பிடிச்சிருக்கும்ங்கறார்."



"இதோ இருக்கே," என்று நாத்தனார் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துச் சீட்டை உரக்கப் படித்தாள். "வாயு, நெஞ்சு அடைப்பு. அரை ஸ்பூன், வெந்நீரில். பயப்பட வேண்டாம்." படித்துவிட்டு, "எங்க அண்ணி எவ்வளவு அழகா எழுதி வெச்சிருக்காங்க பாரு," என்றாள். பிறகு உரல் மேலிருந்த தட்டைத் தூக்கினாள். "பச்சை இஞ்சியே இருக்கே. யாருக்கு அண்ணி இவ்வளவு?"

அவள் அதைக் காதில் வாங்காமல் தையற்காரர் மனைவியின் கையைப் பிடித்தாள்.

"அதெல்லாம் வேணாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. உடனே."

"ஐயோ, சொன்னா கேட்டாத்தானே! அண்ணனை அனுப்பாம எங்கேயும் வர மாட்டேன்னு படியில உட்கார்ந்திருக்கார். நீங்க கொடுக்கறதைக் கொடுங்க அக்கா. உங்க கையால கொடுத்தா நின்னுடும்."

அவள் பாட்டிலை நாத்தனார் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். துக்க வீட்டில் ஓடுகிறாளே என்று கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடிப்படியின் மூன்றாவது படியில் தையற்காரர் உட்கார்ந்திருந்தார். இடது தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். மேலுதட்டில் வேர்வை பொடித்திருந்தது. கணவரோடு வேலை பார்த்த நாலைந்து பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மகனும் அங்கேதான் இருந்தான், கதவில் சாய்ந்துகொண்டு.

"எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஒண்ணும் இல்ல அண்ணி. இப்பத்தான் ஒரு ஏப்பம் வந்துச்சு. பரவாயில்ல. முதல்ல அண்ணன் காரியம் ஆகட்டும்."

அவள் மகனைப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு நாள் அவனுடைய பழைய அம்மாவாக இருந்துவிட முடியாதா என்று இருந்தது. வாய் உலர்ந்துவிட்டது. அத்தனை தண்ணீர் குடித்தும்.

"அவருக்கும் ஏப்பம் வந்துச்சு," என்றாள்.

தையற்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வலி வந்தது ஆறரைக்கு இல்ல. அஞ்சு பத்துக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு அவரே கேட்டார். நான்தான் வேணாம்னேன். மூணு தடவை இஞ்சிச் சாறு கொடுத்தேன். ஏப்பம் வந்ததும் சரியாப் போச்சுன்னு சிரிச்சேன். ஆறே முக்கால் வரைக்கும் வீட்லயே வெச்சிருந்தேன். போதுமா? எழுந்திரிங்க. இன்னொருத்தரையும் என்னால இப்படிப் பார்த்துட்டு இருக்க முடியாது."

உள்ளே டீ பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. நாத்தனார் அவள் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

முதலில் அசைந்தது மகன்தான். "நடக்க விடாதீங்க. நாற்காலியில உட்கார வெச்சுத் தூக்குங்க," என்றான். லிஃப்ட் கம்பெனி ஆட்கள் ஆளுக்கொரு நாற்காலிக் காலைப் பிடித்தார்கள். எதையும் ஆட்டாமல் தூக்கிப் பழகியவர்கள். தையற்காரர் அதற்கு மேல் மறுக்கவில்லை. தெருவில் நின்ற ஒரு காரின் பின்கதவைத் திறந்துகொண்டே அவர்களில் ஒருவர், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"இப்பத்தான், ஒரு பத்து நிமிஷம்," என்றாள் தையற்காரர் மனைவி.

"சரியாச் சொல்லு," என்று அவள் கத்தினாள்.

"மூணு மணி... மூணு மணி இருக்கும் அக்கா. நாற்காலி போடும்போதே சொன்னார்."

கார் போய்விட்டது. மூன்றரை. தெருமுனையில் அது திரும்பும் வரை பார்த்துவிட்டு அவள் உள்ளே வந்தாள். ஒருவரும் அவளை நேராகப் பார்க்கவில்லை. நாத்தனார் மட்டும் பார்த்தாள்.

"ஆறே முக்கால் வரைக்குமா அண்ணி?"

"ஆமா."

நாத்தனார் வாயைத் திறந்தாள். எத்தனையோ சொல்லக்கூடிய வாய் அது. அதை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உரலைத் தேய்த்துக் கழுவும் சத்தம் வந்தது. அது நின்றபோது விசும்பல் கேட்டது.

மகன் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"ஆஸ்பத்திரியில கொடுத்த பையில இருந்துச்சு."

கடைசிப் பக்கத்தில் பென்சில் கோணலாக ஓடியிருந்தது.

5.10 நெஞ்சு பாரம்.
5.25 இஞ்சி.
6.00 இஞ்சி. ஏப்பம்.
6.30 இஞ்சி. பரவாயில்லை என்று சொன்னேன்.
6.45 வேர்வை.

கோளாறு சரியான நேரத்தை எழுதும் இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் நான்காவது வரியிலேயே நின்றாள். பரவாயில்லை என்று எழுதவில்லை. பரவாயில்லை என்று சொன்னேன், என்று எழுதியிருக்கிறார்.

"அப்ப நான் ஆறரைன்னு சொன்னப்பவே..."

"பார்த்துட்டேன்."

"ஏன்டா கேக்கலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சொல்லாமலே போயிருந்தா உன்னோட எப்படிப் பேசியிருப்பேன்னு தெரியலம்மா. இப்பவும் தெரியல."

அவள் தலையாட்டினாள். அதைவிட மென்மையான வார்த்தை எதையும் அவள் அவனிடம் எதிர்பார்க்கவில்லை.

அவனுடைய கைப்பேசி அதிர்ந்தது. கேட்டுவிட்டு வைத்தான். "ஆஸ்பத்திரியில அவரை உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். நல்ல வேளை இப்பவே வந்தீங்கன்னு சொன்னாங்களாம். வேற எதுவும் இப்ப சொல்ல முடியாதாம்."

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் மட்டும் எழுந்திருக்காமல் மகனிடம் கையை நீட்டினாள்.

"பென்சில் எங்கே?"

அவன் தேடி எடுத்துக் கொடுத்தான். மடியிலேயே நோட்டை வைத்து, அந்தக் கோணல் வரிகளுக்குக் கீழே, பாட்டில்களில் எழுதும் அதே முத்து எழுத்தில் எழுதினாள்.

3.00 மாடி வீட்டுக்காரர், நெஞ்சு பாரம்.
3.30 கிளம்பியாச்சு.

பிறகு கணவரிடம் போய்க் குனிந்து, நோட்டையும் பென்சிலையும் இடது பாக்கெட்டுக்குள் வைத்தாள். பட்டன் துளைக்குள் போகமாட்டேன் என்றது. ஆட்கள் தூக்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவசரப்படாமல் இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள்.