சட்டையிலிருந்து வருகிற வாசனை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்துவாச்சாரியில் பார்லர் வைத்திருக்கும் பிரிசில்லா சொன்னாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் கடையில் நடந்தது. இப்போது அந்தக் கடையையே மூடச் சொல்கிறார்கள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் தொடக்கம்: "முப்பத்தோரு வயதில் தன்சீல் அகமதுவின் நெற்றி உச்சி வரை ஏறிப்போய், மறுபடி சுருங்கி..." வேண்டாம். வழுக்கை என்றாலே என் பேனாவுக்கு இளிப்பு வந்துவிடுகிறது. இது இளிக்கிற விஷயம் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: தன்சீல், ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். சூடான தகட்டில் தோலை அழுத்தி வழவழப்பாக்கும் பிரிவு. ஏழு மாதம் முன்பு பின்தலை முடியை எடுத்து முன்தலையில் நட்டுக்கொண்டான். எட்டு நாளில் நிக்காஹ். மணப்பெண் முபஷ்ஷிராவுக்கு நட்டது தெரியாது.

இது போதும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

நட்ட முடி ஆரம்பத்தில் கம்பி மாதிரி முறுக்கிக்கொண்டு வரலாம். பெரும்பாலும் ஒரு வருடத்தில் தானே படிந்துவிடும். அதற்குள் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் கூடாது. அப்புறமும் டாக்டரைக் கேட்க வேண்டும், பார்லரில் மறைக்காமல் சொல்ல வேண்டும், க்ரீமும் சூடும் தலைத்தோலில் படவே கூடாது. நட்ட இடம் பல மாதம் மரத்துப்போய்க் கிடக்கும், சுட்டால் தெரியாது.*

தன்சீலின் டாக்டரும் இதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் கல்யாண போட்டோவுக்கு ஒரு வருடம் காத்திருக்கத் தெரியாதே. ஸ்மூத்தனிங் செய்துகொள்ள பிரிசில்லாவின் கடைக்கு வந்து உட்கார்ந்தான்.

"தலைல எதுனா ட்ரீட்மென்ட் எடுத்திருக்கீங்களா பாய்? கலரு, ஆபரேஷன், இன்னா இருந்தாலும் சொல்லிடுங்க" என்று கேட்டாள் பிரிசில்லா.

"ஒண்ணும் இல்லக்கா. பொறந்ததுலேர்ந்தே இப்டிதான்."

"சுட்டா உடனே சொல்லணும், சரியா?"

"சரிக்கா. நேரா வந்தா போதும்."

(* இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

3

க்ரீம் தடவி, காயவைத்து, சூடான அயர்னால் முடியை இழுக்க ஆரம்பித்தாள். முடி குட்டை. அயர்னை வேர் வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தது.

வாசனை வந்தது. அவள் கை நின்றது.

"கருகற வாட வருது. சுடுதா பாய்?"

தன்சீல் காலரை இழுத்து மோந்து பார்த்தான். கூச்சமாகச் சிரித்தான்.

"சாரிக்கா, என் சட்டைதான். கம்பெனிலேர்ந்து நேரா வர்றேன். ஹீட் ஜாஸ்தியாச்சுன்னா எங்க செக்‌ஷன்ல தோலு இப்டிதான் நாறும். எத்தினி வாட்டி தொவச்சாலும் போவாது."

அவள் நம்பினாள். வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் அயர்னை அப்படியே கீழே வைத்திருப்பாள். இவள் தோல் கம்பெனி ஆட்களோடு பஸ்ஸில் இடிபட்டு வளர்ந்தவள். அவனோ பத்து வருடமாக அந்த வாசனையிலேயே வேலை செய்கிறவன். தன் தலைத்தோல் வெந்துகொண்டிருக்க, சட்டைக்காக மன்னிப்புக் கேட்டான்! ஐயோ, இந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மூன்றாவது இழுப்பில் அயர்னோடு முடி வந்தது. முடியோடு தோலும் வந்தது. அவன் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, "இன்னாக்கா, முடிஞ்சிடுச்சா?" என்றான்.

4

ஒரு முடிவு: முபஷ்ஷிரா அவன் கட்டுப்போட்ட தலையைப் பார்த்து, "முடியா முக்கியம்? நீங்க மொதல்லயே என்கிட்ட..." நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணை நான் பார்த்தது கூட இல்லை. அவள் வாயில் பெருந்தன்மையைத் திணிக்க நான் யார்?

இன்னொரு முடிவு: தன்சீல், "அந்தக்கா எதுவுமே கேக்கல" என்று வீட்டில் சொல்லிவிடுகிறான். இது கற்பனை இல்லை. அப்படித்தான் சொல்லியிருக்கிறான். கேட்டாள் என்றால் ஏன் மறைத்தாய் என்பார்கள். நட்டது மணப்பெண் வீடு வரைக்கும் போகும். அவன் சொன்னதை நம்பித்தான் அவன் வீட்டார் கடையை மூடச் சொல்கிறார்கள்.

மூன்றாவது முடிவை எழுத முடியவில்லை, ஏனென்றால் முதல் பத்தியே பொய். பிரிசில்லா எனக்குக் கதை எதுவும் சொல்லவில்லை. நான் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் குனிந்தபோது பின்தலையில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. முடி எடுத்த தழும்பு. மற்றவர்களுக்குக் கண்ணில் படாது, எனக்குப் பட்டது. எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது, மூன்று வருடமாக. "தம்பி, நட்ட முடிக்கு இப்ப இது வேணாம்" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் பிரிசில்லா திரும்பி என் தலையைப் பார்ப்பாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசனை எனக்கும் வந்தது. வெட்கங்கெட்டவன் நான்.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரிசில்லா போன் செய்தாள்.

"அண்ணா, நாளைக்கு அவங்க வூட்ல பேச வர்றாங்க. நான் கேட்டேன், அவருதான் இல்லன்னாருன்னு நீங்க வந்து சொல்லணும். உங்களத் தவிர எனக்கு யாருமில்ல."

"வர்றேம்மா" என்றேன். அது வரைக்கும் சரி.

அவள் அழ ஆரம்பித்தாள். "எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்கமாட்டேண்ணா. பாத்தா யாருக்குண்ணா தெரியும்? உங்களுக்கும் தெரியலதானே?"

[தெரியல—]

[இல்லம்மா, எனக்கு—]

இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் இன்னும் லைனில் இருக்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.