ஜாக்கி மேல் நின்ற வீடு

செங்கல் சுவர் இரண்டு தடவை எழும்பியது. இரண்டு தடவையும் சிமென்ட் காய்வதற்குள் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது மரியாதைக்காக. அண்ணன் ஆட்களோடு வந்து தள்ளினான். சுற்றுவட்டாரத்துக்கே தெரியும், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா சாகும்போது நிலத்தில் சரிபாதியை மகனுக்கும் சரிபாதியை மகளுக்கும் எழுதிவைத்துவிட்டுப் போனார். எழுதிவைப்பது சுலபம். சர்வேயர் நட்ட எல்லைக் கற்களை அண்ணன் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் மாட்டுக்கொட்டகைக்குப் படிக்கட்டாகப் போட்டுக்கொண்டான். மூன்றாம் தடவை கொத்தனாரைத் தேடிப் போனபோது அவர் கதவைப் பாதி திறந்து, "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா" என்று சொல்லி மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் தங்கைக்குக் கன்டெய்னர் யோசனை வந்தது. வந்ததில் ஆச்சரியமில்லை. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் கன்டெய்னர் யார்டில் அவள் பதினாலு வருஷமாக வெல்டர். நசுங்கிய சுவரை வெட்டி எடுப்பாள், புதுத் தகட்டை வைத்துப் பற்றவைப்பாள், அடுத்த பெட்டிக்குப் போவாள். இரும்புப் பெட்டியில் காய வேண்டிய ஈரம் எதுவும் கிடையாது. கடப்பாரை வைத்து நெம்பினாலும் அது நகராது. யார்டில் கழித்துப்போட்டதில் நாற்பதடிப் பெட்டி ஒன்று, இருபதடிப் பெட்டி ஒன்று எடுத்தாள். ஒரே பிற்பகலில் கிரேன் வந்து, நீளப் பெட்டியைத் தரையில் வைத்து, குட்டைப் பெட்டியை அதன் நடுமுதுகில் குறுக்காக ஏற்றிவிட்டுப் போனது. இரண்டு பக்கமும் ஆறடி நீட்டிக்கொண்டு, கீழே நல்ல நிழல். வரப்பில் நின்று பார்த்த அண்ணனுக்கு நாலு மணி நேரத்தில் தங்கைக்கு மாடிவீடு முளைத்ததை நம்ப முடியவில்லை.

அதற்குப் பதில் மூன்றாம் நாள் வந்தது. அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தவரை வாய்க்கால் திருப்பத்தில் நாலு பேர் மடக்கி, இரும்புக் கம்பியால் வலது காலை இரண்டு இடத்தில் முறித்தார்கள். இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் யார்டு ஆட்கள் அவரைத் தூக்கி மேல்பெட்டியில் படுக்கவைத்தார்கள். கட்டில், மின்விசிறி என்று அதுதான் அப்போது வேலை முடிந்த அறை. அண்ணன் ஊரில் எல்லோரிடமும், மச்சான் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இனி அவள் செய்த தப்பைச் சொல்லவேண்டும். அதை யார்டில் வேலை பார்த்த ஒருத்தியால்தான் செய்ய முடியும். அவர் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை எட்டரைக்கு, கூடத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று கீழ்ப்பெட்டியின் பக்கச் சுவரை நட்டநடுவில் பன்னிரண்டடி அகலத்துக்கு வெட்டி இறக்கினாள். யார்டில் ஆயிரம் தடவை வெட்டியிருக்கிறாள், ஒன்றும் ஆனதில்லை. வெட்டிய பெட்டியின் தலைமேல் யார்டில் யாரும் இன்னொரு பெட்டியை வைக்கமாட்டார்கள் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. கன்டெய்னருக்கு நாலு மூலைதான் கால். நடுவில் ஏறி உட்கார்ந்த பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த மடிப்புத் தகட்டுச் சுவர்தான். அதைத்தான் அவள் வெட்டி, மடித்து, ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்கு மேலிருந்து ஒரு முனகல் கேட்டது. கணவர் முனகுகிறார் என்று நினைத்தாள். "நான் இல்ல, வீடு" என்றார் அவர். நிமிர்ந்து பார்த்தபோது மேல்விட்டம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. ஓடிப்போய் லாரி ஜாக்கியைத் திறப்பின் நடுவில் வைத்து, அதன்மேல் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி, விட்டத்துக்கு முட்டுக்கொடுத்தாள். முனகல் நின்றது. யார்டு மேஸ்திரிக்கு போன் போட்டாள்.

"பதினாலு வருஷ சர்வீஸு. மேல பெட்டிய வெச்சுக்கிட்டு சுவர வெட்டுனியா?" என்றார் மேஸ்திரி. திட்டி முடித்துவிட்டு, "பன்னெண்டு மணிக்கு பீமும் ஆளும் கொண்டு வர்றேன். அதுவரைக்கும் அவர அசையாம படுக்கச் சொல்லு. குழாய்மேல ஒரு தட்டு தட்டக்கூடாது, தெரியுதா?"

ஏணியில் ஏறி அவரிடம் சொன்னாள்.

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடுங்க."

பதினோரு மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. அண்ணன் கையில் சம்மட்டி. பின்னால் கடப்பாரையோடு அவன் மச்சினன், அண்ணியின் தம்பி. மனுஷன் கெட்டவன் இல்லை, சொன்னதைச் செய்கிறவன். அந்த ரகத்தால்தான் உலகத்தில் பாதி அநியாயம் நடக்கிறது. அவள் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வாசலை மறித்தாள். அண்ணன் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. சம்மட்டிக் காம்பால் வாயில் ஒரு குத்து. முன்பல் உதட்டைக் கிழித்து ரத்தம் கழுத்துவரை இறங்கியது. விழுந்தவள் எழுந்து அவன் முன்கையைக் கடித்தாள், தோல் பிய்யக் கடித்தாள். அவன் அவள் கூந்தலைப் பிடித்து இரும்புச் சுவரில் இரண்டு தடவை மோதினான். மச்சினன் அவளைப் பின்னாலிருந்து இறுக்கிக்கொண்டான்.

"சாயங்காலத்துக்குள்ள இந்தத் தகர டப்பா இங்க இருக்கக்கூடாது" என்றான் அண்ணன். எங்கே ஆரம்பிக்கலாம் என்று சுற்றிப் பார்த்தான். அவன் கண் குழாய் பக்கம் திரும்பியது.

அதைத் தொடாதே என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். அவளுக்கு அவனைத் தெரியும். சின்ன வயசில் அவள் எதை உடைக்காதே என்றாளோ அதைத்தான் அவன் உடைத்தான். பென்சில் டப்பாவை மிதிக்காதே என்றாள், மிதித்தான். பொம்மையின் தலையைத் திருகாதே என்றாள், திருகினான். ஒன்பது வயசில் அவளுக்குப் புத்தி வந்தது. புதுக் குடையை அவன் முழங்காலில் வைத்து வளைத்தபோது, "ஒடச்சுக்கோ, எனக்கென்ன" என்றாள். அவன் குடையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். அவள் கெஞ்சாத பொருளை உடைப்பதில் அவனுக்கு ருசி இருந்ததில்லை. குழாய்க்கு நேர்மேலே, வாயைப் பொத்திக்கொண்டு, கால் உடைந்த அவள் கணவர் படுத்திருந்தார்.

"அண்ணே, ஜன்னல மட்டும் விட்டுடு" என்றாள். "ஒரு வாரம் இழைச்சேன்."

சம்மட்டி ஜன்னலுக்குத் திரும்பியது. கண்ணாடி நொறுங்கியது, சட்டம் பிதுங்கி வெளியே விழுந்தது. அவள் அழுதாள். நடிப்பு என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த ஜன்னல்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் ஒவ்வொரு அடி விழும்போதும் அவள் கண்ணை ஓரமாக ஓட்டிக் குழாயைப் பார்த்துக்கொண்டாள். அது நின்றது.

"தண்ணித் தொட்டியத் தொடாதண்ணே." தொட்டி பிளந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடி ஜாக்கியின் அடியை நனைத்தது. "அடுப்பு மேடைய விட்டுடு." மேடை இரண்டாகப் பிளந்தது. "வெல்டிங் மெஷின வேண்டாம், உன் கால்ல விழறேன்." உண்மையாகவே விழுந்தாள். அவளை எட்டி உதைத்துவிட்டு மெஷினை வெளியே இழுத்துப்போட்டு அடித்தான். மூடி கழன்று, செம்புக்கம்பிச் சுருள் குடல்போல வெளியே வந்தது. பதினாலு வருஷத்தில் அவள் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது. மணி பதினொன்றே கால்தான் ஆகியிருந்தது.

பிறகு கெஞ்ச எதுவும் மிச்சமில்லை. அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுற்றிலும் பார்த்தான். சுவர் இரும்பு, தரை பலகை, எஞ்சியிருந்தது நடுவில் நிற்கிற அந்தக் குழாய்தான். அவன் அதை நோக்கி இரண்டு எட்டு வைத்தான்.

அவள் வலது கையை நெஞ்சோடு சேர்த்து ஒளித்துக்கொண்டாள். அவன் பார்க்கும்படி ஒளித்தாள்.

"என் கைய ஒண்ணும் பண்ணிடாதண்ணே. இதுதான் என் பொழப்பு."

அவன் நின்றான். வாசலுக்கு வெளியே கிடந்த அவள் வேலைமேஜையைக் காட்டினான். "பிடிச்சு வைடா."

"மச்சான், வேண்டாம் மச்சான். பொம்பளப்புள்ள."

"வைடான்னா."

மச்சினன் வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் பிடியை விடவில்லை. முதல் அடியில் மணிக்கட்டு போனது. இரண்டாவதில் விரல்கள். எலும்பு முறிகிற சத்தத்தை அவள் காதால் கேட்கவில்லை, பல்லில் உணர்ந்தாள். அவள் போட்ட அலறலில் வயலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. அத்தனைக்கும் மேலே இருந்தவர் ஒரு சத்தம் போடவில்லை. தலையணையை வாய்க்குள் திணித்துக்கொண்டு கிடந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அண்ணனுக்கு அத்தோடு மனசு நிறைந்துவிட்டது. சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு டிராக்டரடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். மச்சினன் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்தாள். கண் இருட்டியது. பின்பக்கம் போய், இடது கையால் ஏணியைப் பிடித்து ஏறினாள். அவர் அவள் கையைப் பார்த்து முகத்தைக் கோணினார். "இப்ப அழாதீங்க, இறங்குங்க" என்றாள். உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார். ஒவ்வொரு நகர்வுக்கும் பெட்டி முனகியது. அவர் பாரத்தைத் தோளில் வாங்கி ஒவ்வொரு படியாக அவள் இறங்கினாள். கடைசி இரண்டு படியில் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். மாவுக்கட்டு விரிசல் விட்டது. அவரைச் சட்டையைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போய், தண்ணீரில்லாத வாய்க்காலில் உருட்டிவிட்டாள்.

"நீயும் படு."

படுத்திருக்கலாம். முன்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. அவள் திரும்பி நடந்தாள்.

அண்ணன் குழாயின் முன்னால் நின்றிருந்தான். தண்ணீர் குடிக்கும்போது யோசித்திருப்பான்போல. மச்சினன் டிராக்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று, "போலாம் மச்சான், போதும் மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"எல்லாத்துக்கும் அழுதியே" என்றான் அண்ணன். "இதுக்கு ஏன் அழல?"

அவள் பதினைந்தடி தள்ளி நின்றாள். கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவனைக் காப்பாற்ற என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அடிச்சுக்கோ, எனக்கென்ன. அவ்வளவுதான். ஒன்பது வயசிலிருந்து அவளிடம் இருக்கிற சொல். சொன்னால் அவன் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பான். கணவரின் காலை நினைத்தாள். மேஜைமேல் அழுத்தி வைக்கப்பட்ட தன் கையை நினைத்தாள். நாளைக்கும் இவன் வருவான் என்று நினைத்தாள்.

"அதத் தொடாதண்ணே" என்றாள், மச்சினன் காதிலும் விழும்படியாக. "மேல இருக்கற பெட்டி இறங்கிடும்."

அண்ணன் சிரித்தான்.

"தொடாதண்ணே. செத்துப்போயிடுவ."

அவன் காலை அகட்டி நின்றுகொண்டு சம்மட்டியை ஓங்கினான். முதல் அடிக்குக் குழாய் அதிர்ந்தது. இரண்டாவது அடிக்கு, ஈரத் தரையில் ஜாக்கி வழுக்கி ஒரு பக்கமாகப் பறந்தது. விட்டம் மடிந்த சத்தத்தில் மச்சினன் குப்புற விழுந்தான். மூன்று டன் இரும்பு அந்தப் பக்கமாகச் சரிந்து இறங்கித் தரையைத் தொட்டது. அண்ணன் ஓடுவதற்காகத் திரும்பியிருந்தான். முழங்காலுக்குக் கீழேதான் வெளியே தெரிந்தது. ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று வாசலில் கிடந்தது. மச்சினன் வெறும் கையால் பெட்டியைத் தூக்கப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கு மேஸ்திரி பீமோடு வந்து சேர்ந்தபோதும் அவன் தூக்கிக்கொண்டுதான் இருந்தான்.

போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தது. மச்சினன் ஒன்றையும் மறைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொடுத்தது தான்தான் என்றான். ரெண்டு தடவை எச்சரித்தாள், செத்துப்போயிடுவ என்றுகூடச் சொன்னாள், மச்சான்தான் கேட்கவில்லை என்றான். இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவளிடம் இடது கை பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அண்ணி வந்தாள். அடிக்க வந்திருக்கிறாள் என்று அவள் நினைத்தாள். அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு செஞ்ச மனுஷனுக்கும் நீ நல்லது சொல்லியிருக்கியேம்மா. என் தம்பி சொன்னான். வேற யாரா இருந்தாலும் வாய மூடிக்கிட்டு நின்னிருப்பாங்க."

பக்கத்துக் கட்டிலில் புது மாவுக்கட்டோடு கணவர் படுத்திருந்தார். குடைக் கதை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அண்ணி அழுதுகொண்டே அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அவன் என் பேச்ச என்னிக்குக் கேட்டான் அண்ணி" என்றாள்.