பதினெட்டுக் கொம்பியூட்டருக்கு ஒரு ஆள்

கதிரவேலுவை பாலாவிச் சோதனைச்சாவடியில் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, நிவாரண அலுவலகத்தில் ஒரு கொம்பியூட்டரும் வேலை செய்யவில்லை. மின்சாரம் போய் வந்திருந்தது. எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய கொம்பியூட்டரைத் திரும்ப எழுப்ப அவனுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து ஊரான உடப்புக்காரன்தான். ஆனால் தகப்பன் மீன்பிடிக்கப் போயிருந்த பருவத்தில் முல்லைத்தீவில் பிறந்தவன். அடையாள அட்டை அதைச் சொன்னது. பையில் வயர்களும் இருந்தன. யுத்தம் நடந்த 2007இல், புலி என்று சந்தேகப்பட அவ்வளவு போதும்.

பதினெட்டுக் கொம்பியூட்டருக்கு ஒரு ஆள் காணாது என்று பொறுப்பாளர் றவூப் கொழும்புத் தலைமையகத்துக்குப் பலமுறை சொல்லிப் பார்த்தார். சமாளியுங்கள் என்றே பதில் வந்தது. பெயர் பதியும் மர்ளியா, தனக்காவது வேலையைப் பழக்கும்படி கதிரவேலுவைக் கேட்டிருந்தாள். வயரின் தலையைப் பூட்டக் காட்டிக் கொடுத்தான். அதற்குமேல் அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை. எந்த நேரமும் யாராவது அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அரிசிக் கூப்பன் அடிக்க வழியில்லை. வடக்கிலிருந்து புலிகளால் விரட்டப்பட்டுக் கரைத்தீவில் குடியிருந்த முஸ்லிம் சனம் வெறும் பையோடு திரும்பிப் போனது. மர்ளியாவின் உம்மாவும் அதில் ஒருத்தி. ஆனால் அந்த முடக்கமே கதிரவேலுவுக்குக் காவலாகவும் இருந்தது. அவன் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று றவூப் நச்சரிக்க, கொழும்பிலிருந்து பெரியவர்கள் பொலிசோடு பேசினார்கள். பொலிசில் அவனை அடிப்பது நின்றது.

பிறகு கொழும்பு வேறு வழி கண்டுபிடித்தது: பெரிய கொம்பியூட்டரின் பாஸ்வேர்டை மட்டும் அவனிடம் கேட்டு வாங்குங்கள், புது ஆள் வருவார். பெண்பிள்ளை போனால் உள்ளே விடுவார்கள் என்று றவூப் மர்ளியாவைப் பொலிசுக்கு அனுப்பினார். கதிரவேலுவின் மனைவி பவளம் உடுக்க ஒரு சாரமும் சோற்றுப் பார்சலும் கொடுத்துவிட்டாள்.

அவனுடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வந்த காரியத்தை மர்ளியா தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"புது ஆள் வாறாரா?"

"ஓம் அண்ணன்."

"அப்ப என்னை வெளியில எடுக்கிறதப் பற்றி ஒரு கதையும் இல்ல."

சொல்லாதீங்க என்று சொல்ல நினைத்தாள். உம்மாவின் வெறும் பை கண்ணுக்குள் வந்தது.

"சனம் வந்து வந்து போகுதா?"

"ஓம். எங்கட உம்மாவும்தான்."

அவன் பாஸ்வேர்டை மெல்லச் சொன்னான். அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தான். ஒரு எழுத்தைப் பிழையாகச் சொன்னாள், திருத்தினான்.

பஸ்ஸில் அந்தச் சொல் வாய்க்குள் கல்லாகக் கிடந்தது. அண்ணன் சொல்லவில்லை என்று றவூப்பிடம் சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் அலுவலக வாசலில் சனம் வெயிலில் குந்தியிருந்தது. அவள் நேரே உள்ளே போய் எழுத்துக்களைத் தட்டினாள். கொம்பியூட்டர்கள் ஒவ்வொன்றாக உயிர்த்தன. றவூப் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அன்று பின்னேரம் உம்மா அரிசியோடு வீட்டுக்குப் போனா.

அந்தக் கிழமையே கதிரவேலுவைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த இடத்துக்கு என்று விசாரிக்க றவூப்புக்கும் யாரும் கிடைக்கவில்லை.

புது ஆள் வந்தார், இளைஞர், மரியாதையானவர். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார். கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க என்று மர்ளியாவிடம் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கேற்றடியில், குடையை மடக்கிப் பிடித்தபடி பவளம் காவலாளியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவளுக்கு உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.